குல்மார்க் கோண்டோலா: எல்லைக் கயிற்றுக்கு அப்பால் இறங்குகிறவர்களுக்கு

காஷ்மீரின் குல்மார்க்கில் ஓடும் கேபிள் கார்தான் கோண்டோலா. 2005-இல் திறந்த அதன் இரண்டாம் கட்டம், கொங்டூரி என்ற இடைநிலையத்திலிருந்து அபர்வாத் மலைத்தோளுக்கு, ஏறத்தாழ 3,950 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து குல்மார்க் வரை சுமார் 1,300 மீட்டர் இறக்கம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது வெறும் உச்சி. ஸ்கி மாட்டியவர்களுக்கோ ஆட்டமே அங்கேதான் ஆரம்பம்.

முதலில் குறையைச் சொல்லிவிடலாம். பலத்த காற்றடித்தால் மேல் கட்டம் ஓடாது. பனி கொட்டி ஓய்ந்த பிறகும், சரிவுகளை வெடிவைத்துச் சோதித்து முடிக்கும்வரை திறக்க மாட்டார்கள். மூன்று நாள் பயணம் சூதாட்டம்தான். ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பிப்ரவரி நல்ல மாதம்.

ரோந்துக் குழுவின் பாதுகாப்பு, மேல் நிலையத்துக்குக் கீழே விரியும் பெரிய கிண்ணத்துக்கு மட்டும். முகட்டோடு சற்று நகர்ந்தால் பாறைகளுக்கு நடுவே சூட்கள், அதாவது குறுகிய செங்குத்தான பனி ஓடைகள், வரும். அங்கே நம்மைக் கேட்க யாருமில்லை. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இந்த மலையில் பனிச்சரிவில் இறந்தார்கள். காற்று முகட்டுக்கு மறுபுறமிருந்து பனியை அள்ளிவந்து சூட்டின் வாயில் பலகைபோல் அடுக்கிவிடுகிறது. அடியில் பலவீனமான அடுக்கு இருந்தால், ஒருவர் எடை போதும், பலகை மொத்தமாகப் பெயர்ந்துவிடும். 30 முதல் 45 பாகைவரை உள்ள சரிவுகளே பெரும்பாலும் இப்படிப் பெயரும். சூட்களும் அதே பாகைதான். அதனால் ஒவ்வொருவராக இறங்கி, நேர் கீழே நிற்காமல், பக்கவாட்டில் பாறை மறைவில் ஒதுங்குங்கள். டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), புரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். தேடும்போது கைபேசியை டிரான்ஸீவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்; இல்லாவிட்டால் சிக்னல் குழம்பும்.

மேல் கட்டம் மூடியதென்று அறையில் முடங்குவது வீண். அன்றைக்குத்தான் மரக்காடு அருமை: மேகம் மூடி எங்கும் வெள்ளையாகத் தெரியும்போது, அடிமரங்கள்தான் சரிவின் மேடுபள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டும். என் கணக்கில் இந்த மலையின் உண்மையான பலம் சூட்களல்ல, இதுதான். முதல் கட்டத்தில் ஏறி, கீழே உள்ள பாபா ரேஷி ஊர்ப் பக்கம் இறங்கலாம். மரத்தடிக் குழிகளில் மட்டும் கவனம். கிளைக்கடியில் பனி இறுகாமல் பொலபொலவென்று கிடக்கும். தலைகீழாக விழுந்தவரால் தானே எழ முடியாது. இருவர் இருவராக, கண்பார்வை தப்பாமல் இறங்குங்கள். கைக்கோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இன்னும் கீழே தங்மார்க் ஊர்வரை இறங்க ஆசைப்பட்டால், முதலில் பனியளவை விசாரியுங்கள். பனி குறைந்த ஆண்டில் கடைசிப் பகுதி முழுக்கக் கல்லும் புதரும். திரும்பி ஏற லிஃப்ட் கிடையாது. ஜீப்பைக் காலையிலேயே பேசி வைத்துவிடுங்கள்.