ஒரு பெயரில் பிறந்த இரு பல்கலைக்கழகங்கள்: ஹொக்கைடோவும் தொஹோகுவும்

ஜப்பானின் வடபகுதியில் உயர்கல்வி பயில விரும்புவோர் கடைசியில் இரண்டு தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே தேர்வு செய்ய வேண்டியிருக்கும்: சப்போரோ நகரிலுள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகம், செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழகம். இரண்டுமே போருக்கு முந்தைய பேரரசுப் பல்கலைக்கழகங்களின் வழிவந்தவை. இரண்டுமே 2004 முதல் தேசியப் பல்கலைக்கழகக் கழகங்களாகத் தன்னாட்சியுடன் இயங்குபவை. ஆண்டுதோறும் வெளியாகும் தரவரிசை எண்களைக் கொண்டு இவற்றை எடைபோடுவதே வழக்கமாக இருக்கிறது. எந்தப் புலம் எந்த ஆண்டில், யாருடைய தேவைக்காகத் தொடங்கப்பட்டது என்று பார்ப்பவர்களுக்கு அந்த எண்களைவிடத் தெளிவான விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

வயதில் மூத்தது சப்போரோ. 1869இல் மெய்ஜி அரசு ஹொக்கைடோ தீவை முழுமையாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவருவதற்காகக் குடியேற்ற ஆணையம் ஒன்றை அமைத்தது. அந்த ஆணையம் 1872இல் டோக்கியோவில் தொடங்கிய தற்காலிகப் பள்ளி 1875இல் சப்போரோவுக்கு மாற்றப்பட்டு, 1876இல் சப்போரோ வேளாண் கல்லூரியாக உருப்பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் கிளார்க் அங்கு தங்கியது சுமார் எட்டு மாதங்கள்தான். விடைபெறும்போது மாணவர்களிடம் ‘இளைஞர்களே, உயர்ந்த இலட்சியம் கொள்ளுங்கள்’ என்று அவர் கூறியதாகச் சொல்லப்படும் வாசகம் இன்றும் ஜப்பானியர் பலருக்கு மனப்பாடம். கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டாவதாகச் சேர்ந்த மாணவர் அணியில் படித்த நிதோபே இனாசோவும் உச்சிமுரா கான்சோவும் பிற்காலத்தில் நாடறிந்த சிந்தனையாளர்கள் ஆனார்கள். அக்கல்லூரியின் பயிற்சிக் கூடமாகக் கட்டப்பட்டதே இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் சப்போரோ மணிக்கூண்டு.

இந்தப் பெருமிதக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. குடியேற்றம் என்பது ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் நிலத்தில் நடந்தது. அதற்கான வேளாண் அறிவையும் குடியேற்றவியலையும் வழங்கியது இக்கல்லூரியே. இருபதாம் நூற்றாண்டில் இதன் மருத்துவப் புல ஆய்வாளர்கள் ஐனு கல்லறைகளிலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்த எலும்புகள் நீண்ட வழக்குகளுக்குப் பிறகே, 2016 முதல், ஒரு பகுதியாவது உரிய சமூகங்களிடம் திருப்பித் தரப்பட்டன. 2007இல் அங்கு ஐனு மற்றும் பூர்வகுடி ஆய்வு மையம் தொடங்கப்பட்டதை இந்தப் பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

செண்டாயின் கதை 1907இல் தொடங்குகிறது, அதுவும் சற்றே விநோதமாக. டோக்கியோ, கியோட்டோ ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது பேரரசுப் பல்கலைக்கழகமாகத் தொஹோகு பேரரசுப் பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டபோது, செண்டாயில் பாடம் நடத்தும் புலம் ஒன்றும் இல்லை. சப்போரோ வேளாண் கல்லூரியே அதன் வேளாண்மைப் பிரிவாக இணைக்கப்பட்டு அந்த ஆண்டே வகுப்புகளைத் தொடங்கியது; செண்டாயின் அறிவியல் பிரிவு திறக்கப்பட்டது 1911இல். ஆக, முதல் நான்கு ஆண்டுகள் தொஹோகு பல்கலைக்கழகம் என்பது நடைமுறையில் கடலுக்கு அப்பாலிருந்த சப்போரோவில் மட்டுமே இயங்கியது.

அரசு கருவூலத்தில் பணம் இல்லாத நேரத்தில் இதற்கான கட்டடச் செலவை ஏற்றது ஃபுருகாவா குடும்பம். அதற்குச் சொந்தமான ஆஷியோ தாமிரச் சுரங்கத்தின் கழிவால் வாதராசே ஆற்றுப் படுகையின் வயல்கள் பாழாகி, அக்குடும்பத்தின் மீது நாடெங்கும் கடும் கண்டனம் எழுந்திருந்த காலம் அது. முன்பு ஃபுருகாவா நிறுவனத்தில் பொறுப்பு வகித்த உள்துறை அமைச்சர் ஹரா தகாஷியின் முயற்சியால் சுமார் பத்து லட்சம் யென் நன்கொடையாக வந்தது; அது செண்டாய், சப்போரோ, ஃபுகுவோக்கா ஆகிய மூன்று ஊர்களுக்கும் பகிரப்பட்டது. விளைநிலங்களைக் கெடுத்த தாமிரத்தின் பணம் ஒரு வேளாண் கல்லூரியின் வனவியல் வகுப்பறையாக எழுந்ததை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 1909இல் கட்டப்பட்ட அந்த வெள்ளைநிற மர மண்டபம் சப்போரோ வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

1918இல் சப்போரோ தனியாகப் பிரிந்து ஹொக்கைடோ பேரரசுப் பல்கலைக்கழகம் ஆனது. இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் வளரத் தொடங்கியது இந்தப் பிரிவுக்குப் பிறகே. சப்போரோவில் மருத்துவம் 1919, பொறியியல் 1924, அறிவியல் 1930 என்று புலங்கள் சேர்ந்தன; சட்டமும் இலக்கியமும் வந்தது போருக்குப் பின், 1947இல். செண்டாயிலோ அறிவியலில் தொடங்கி, 1915இல் மருத்துவம், 1919இல் பொறியியல், 1922இல் சட்டம் மற்றும் இலக்கியம் என வளர்ந்தது; சப்போரோவோடு போய்விட்ட வேளாண்மையை அது மீண்டும் பெற்றதும் அதே 1947இல்தான். ஒன்றுக்கு இலக்கியம், மெய்யியல் போன்ற மனிதவியல் கால்நூற்றாண்டு தாமதம், மற்றதற்கு வேளாண்மை ஏறத்தாழ முப்பது ஆண்டு தாமதம். இன்றைய பலங்களிலும் பலவீனங்களிலும் இந்தத் தாமதங்களின் தடயம் இருக்கிறது.

மனிதவியலைப் பொறுத்தவரை நான் தயக்கமின்றிச் செண்டாயைப் பரிந்துரைப்பேன். 1923இல் பௌத்த அறிஞர் உயி ஹகுஜு அங்கு இந்திய மெய்யியல் கற்பிக்க வந்தார்; 1934இல் அங்கிருந்து வெளியான திபெத்திய பௌத்த நூல்தொகுதியின் பட்டியல் 4,500க்கும் மேற்பட்ட நூல்களை வரிசைப்படுத்தியது. இன்று உலகின் எந்த மூலையில் திபெத்திய பௌத்த நூலொன்றை மேற்கோள் காட்டினாலும் ‘தொஹோகு எண்’ என்று அந்தப் பட்டியலின் எண்ணையே குறிப்பிடுகிறார்கள். நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய மெய்யியலாளர் கார்ல் லோவித் 1936 முதல் 1941 வரை கற்பித்ததும் இங்கேதான். கல்வியாளர் கனோ கோகிச்சி சேர்த்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான பழம்நூல்கள் அடங்கிய தொகுப்பு நூலகத்தில் இருக்கிறது. ஹொக்கைடோவின் இலக்கியப் புலம் தரத்தில் குறைந்ததன்று; ஆனால் இத்தகைய சேமிப்பு ஓரிரு தலைமுறையில் வந்துவிடாது.

செண்டாய்க்கு உரிய இன்னொரு பெருமை திறந்த வாயில். 1913இல் வேதியியலுக்குக் குரோதா சிகா, தங்கே உமே, கணிதத்துக்கு மகிதா ராகு ஆகிய மூன்று பெண்களை அது மாணவர்களாகச் சேர்த்தது. ஜப்பானியப் பேரரசுப் பல்கலைக்கழகமொன்றில் பெண்கள் நுழைந்தது அதுவே முதல்முறை. இது முன்னுதாரணமற்ற செயல் என்று கல்வி அமைச்சகம் விளக்கம் கேட்டு எழுதியது, பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்தது 1946இல். பல்கலைக்கழகத்துக்கு வழக்கமான வாயிலாக இருந்த மேல்நிலைப் பள்ளி வழியாக வராத ஆசிரியப் பயிற்சி, தொழிற்கல்விப் பள்ளி மாணவர்களுக்கும் தொஹோகு இடமளித்தது. சீன எழுத்தாளர் லூ சுன் 1904 முதல் 1906 வரை படித்த செண்டாய் மருத்துவப் பள்ளியும் பின்னர் இதன் மருத்துவப் புலத்தில் கலந்தது.

அறிவியலிலும் பொறியியலிலும் எது மேல் என்ற கேள்வியை உட்பிரிவுவாரியாகத்தான் கேட்க வேண்டும். உலோகவியல், காந்தப்பொருள், தகவல்தொடர்பு என்றால் செண்டாய். ஹோண்டா கோதாரோ 1917இல் அங்கு உருவாக்கிய கேஎஸ் எஃகு, அன்றைய காந்த எஃகுகளை எல்லாம் விஞ்சியது; அவருடைய ஆய்வுக்கூடமே உலோகப் பொருள் ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. நம் வீட்டுக் கூரைகளில் ஒருகாலத்தில் நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவின் மூல வடிவத்தை 1920களில் யாகி ஹிதேத்சுகுவும் உதா ஷின்தாரோவும் வகுத்ததும் அங்கேதான். 2002இல் வேதியியல் நோபல் பெற்ற தனகா கோயிச்சி அதன் பொறியியல் பட்டதாரி. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, 2012இல் பேரிடர் அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் அங்கு தொடங்கப்பட்டது.

பனி, காடு, கடல், விலங்கு என்றால் சப்போரோவுக்கு இணை இல்லை. நகயா உகிச்சிரோ 1936இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். 1941இல் தாழ்வெப்ப அறிவியல் நிறுவனம் எழுந்தது. சுமார் 70,000 ஹெக்டேர் ஆய்வுக் காடுகள் இதற்குச் சொந்தம். மீன்வளப் புலம் ஹக்கோதாதே துறைமுகத்தில் இருக்கிறது. ‘ஒஷோரோ மாரு’ என்னும் பயிற்சிக் கப்பலில் மாணவர்கள் கடலுக்குப் போகிறார்கள். 1952 முதல் தனிப் புலமாக இருக்கும் கால்நடை மருத்துவம், 2012 முதல் ஒபிஹிரோ பல்கலைக்கழகத்துடன் கூட்டாக நடத்தப்படுகிறது. இந்த இரண்டு புலங்களும் செண்டாயில் இல்லை. ஹொக்கைடோவுக்குப் பன்னிரண்டு புலங்கள், தொஹோகுவுக்குப் பத்து என்ற வேறுபாடே இவற்றால் வந்ததுதான். கரிம வேதியியலில் ஹொக்கைடோவின் ஓய்வுபெற்ற பேராசிரியர் சுசுகி அகிரா 2010இல் நோபல் பெற்றதையும் மறக்கலாகாது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் ஆகியவை இரண்டிலும் உண்டு. அவற்றில் பெரிய வேறுபாடு காட்ட எனக்குக் காரணம் இல்லை.

சேர்க்கை முறையில் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஹொக்கைடோ 2011இல் பொதுச் சேர்க்கை முறையைக் கொண்டுவந்தது. அதன்படி கலை அல்லது அறிவியல் என்ற அளவில் மட்டும் சேர்ந்து, முதலாண்டு மதிப்பெண்ணைக் கொண்டு புலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தொஹோகுவில் விண்ணப்பிக்கும்போதே புலத்தை முடிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயதில் என்ன படிப்பது என்று தெளிவில்லாதவருக்குச் சப்போரோவே நல்லது. ஆனால் முதலாண்டில் அசட்டையாக இருந்தால் விரும்பிய புலம் கைநழுவிப் போகும். கல்விக்கட்டணத்தில், அரசு வகுத்துள்ள தர அளவு இரண்டுக்கும் பொதுவாக ஆண்டுக்கு 5,35,800 யென். டோக்கியோவிலிருந்து செண்டாய்க்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்; சப்போரோவுக்குப் பெரும்பாலோர் விமானத்தில்தான் போகிறார்கள்.

முதுகலைக்கும் முனைவர் ஆய்வுக்கும் போகிறவர்கள் இப்போது நிதியையும் பார்க்க வேண்டும். அரசின் பத்து டிரில்லியன் யென் நிதியத்தின் வருவாயிலிருந்து உதவி பெறும் ‘சர்வதேச ஆய்வுச் சிறப்புப் பல்கலைக்கழகம்’ என்ற தகுதியை 2024 நவம்பரில் முதலாவதாகப் பெற்றது தொஹோகு. அதன் திட்டப்படி, ஒரு பேராசிரியரின் கீழ் பலர் பணிபுரியும் பழைய ஆய்வு அமைப்பு கலைக்கப்பட்டு, இளம் ஆய்வாளர்களும் தாமே தலைமையேற்கும் சுமார் 1,800 சிறு குழுக்கள் உருவாக வேண்டும். ஹொக்கைடோ இந்த வரிசையில் இல்லை. தனித்தன்மையுள்ள வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கான வேறொரு திட்டத்தில் அது தேர்வாகியுள்ளது, அதன் தொகை ஒப்பீட்டில் சிறியது. எனவே ஆய்வுக்கூடக் கருவியும் சம்பளமும் பெருகும் இடம் தேடுவோர் செண்டாய்க்குப் போகலாம். ஆனால் அந்த உதவியோடு பல்கலைக்கழகத்தின் வருவாயையும் செலவையும் ஆண்டுக்கு மூன்று விழுக்காடு பெருக்கிக்காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வருகிறது; உடனடி வருமானம் தராத பௌத்த நூலாய்வு போன்ற துறைகள் அந்தக் கணக்கில் என்னவாகும் என்பதைச் செண்டாயைத் தேர்ந்தெடுக்கும் மனிதவியல் மாணவர் நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது.