காதடிக் கட்டி: கட்டியை மட்டும் எடுப்பதா, சுரப்பியோடு எடுப்பதா?

எனக்குக் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் வலியே இல்லாமல் உருளும் கட்டி. ஊசிப் பரிசோதனையில் ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்று வந்தது. பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் அதிகம் வருவது இதுதான். புற்று இல்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் புற்றாக மாறலாம் என்பதால் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

கட்டியின் உறையைக் கீறி உள்ளிருப்பதைத் தோண்டும் பழைய முறையை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. மிஞ்சுவது இரண்டு. ஒன்று, மெல்லிய நல்ல திசுவோடு கட்டியை மட்டும் பிரித்தெடுப்பது. இதில், சுரப்பிக்குள் ஓடி முகத் தசைகளை அசைக்கும் முக நரம்பின் தண்டை (கிளை பிரியும் முன் உள்ள அடிப்பகுதியை) தேடிப் போவதில்லை, நேரமும் குறைவு. இன்னொன்று, நரம்பின் தண்டை முதலில் கண்டுபிடித்து, கிளைகளைப் பின்தொடர்ந்து, கட்டி இருக்கும் மேல்மடல் பகுதியையும் (நரம்புக்கு வெளிப்பக்கம் உள்ள சுரப்பி) சேர்த்து எடுப்பது. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் ஒன்றே ஒன்று: கட்டி திரும்பி வருவது. இந்தக் கட்டியின் உறை எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. சில இடங்களில் உறையே இருக்காது, சின்னச் சின்ன மொட்டுகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஒரு மொட்டு தங்கிவிட்டாலோ, அறுவையின்போது கட்டி உடைந்தாலோ, பல ஆண்டுகள் கழித்து கடுகு சிதறியதுபோல் பல முடிச்சுகளாக வரும். அப்போது முக நரம்பு பழைய தழும்புக்குள் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரிப்பது முதல் தடவையைவிட ரொம்பவே ஆபத்து. அதனால், முதல் அறுவையிலேயே கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாக எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைக்கவில்லை. சில வாரங்கள் உதட்டின் ஒரு மூலை இறங்காமல், வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒழுகியது. காது மடலின் அடிப்பகுதி இன்னும் மரத்தே இருக்கிறது. கம்மல் திருகு மாட்டும்போது விரலுக்குத்தான் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது கன்னம் வியர்க்கும் ஃப்ரே கோளாறும் இந்த முறையில்தான் அதிகம். தொல்லையானால் வியர்வையை அடக்க போட்யூலினம் ஊசி போடுவார்கள்.

கட்டியை மட்டும் எடுக்கும் முறையை நான் அனுபவித்ததில்லை. சிறியதாக, மேலாக, நன்றாக அசையும் கட்டி என்றால், கைதேர்ந்தவர்கள் செய்யும்போது அதிலும் திரும்பி வருவது கூடுதலாக இல்லை, தற்காலிக நரம்புத் தளர்ச்சியும் குறைவு என்றே ஆய்வுகள் சொல்கின்றன. நரம்புக்கு உள்பக்கம் இருக்கும் ஆழ்மடல் கட்டிக்கு அது பொருந்தாது. இதே சுரப்பியில் வரும், புற்று அல்லாத இன்னொரு வகையான வார்தின் கட்டி என்றால் கணக்கே வேறு. அறுவை செய்யாமல் கண்காணிக்கவும் செய்யலாம்.

உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டில் எதை அவர் அடிக்கடி செய்கிறார்? கட்டி நரம்பை ஒட்டியிருந்தால் நடுவில் முறையை மாற்ற அவரால் முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.