கிளஸ்டர் ஸ்விட்ச்: எஸ்.என்.எம்.பி. கண்காணிப்பா, கமாண்ட் லைனா?

சேலத்துக் கல்லூரி ஆய்வகங்களில் சிறு கிளஸ்டர் (ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினிக் கூட்டம்) நடத்துபவர்களுக்கு வரும் குழப்பம் இது: அந்தக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சை, அதன் நிலவரத்தை நெட்வொர்க் வழியே கேட்டுப் பதியும் எஸ்.என்.எம்.பி. முறையால் எந்நேரமும் கவனிப்பதா, கோளாறு வந்தால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைன் வழியே உள்ளே புகுந்து பார்ப்பதா?

செலவு
எஸ்.என்.எம்.பி.: ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஓட்ட ஒரு பழைய கணினி போதும்.
கமாண்ட் லைன்: கணினியை ஸ்விட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள் மட்டும்.

கண்டுபிடிப்பது
எஸ்.என்.எம்.பி.: பெரும்பாலும் சில நிமிடச் சராசரிதான் கிராஃபில் தெரியும். எம்.பி.ஐ. (கணினிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் முறை) வேலையின் சில மில்லி விநாடி நெரிசல் அதில் கரைந்துவிடும். அதனால் டிஸ்கார்ட் எண்ணிக்கையை, அதாவது ஸ்விட்ச் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். போர்ட் வழியே போன பைட்டுகளை எண்ண 32 பிட் கவுண்டர் வேண்டவே வேண்டாம். 1 ஜிகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் அது சுற்றிச் சுழியத்துக்கு வந்துவிடும், கிராஃப் பொய் சொல்லும். 64 பிட் கவுண்டருக்கு எஸ்.என்.எம்.பி. பதிப்பு 2சி அல்லது 3 தேவை.
கமாண்ட் லைன்: கவுண்டரை அழித்து, வேலையை ஓட்டி, மறுபடி பாருங்கள். சி.ஆர்.சி. பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை. லேட் கொலிஷன் (தாமதமாக நிகழும் தரவு மோதல்) என்றால் பெரும்பாலும் டூப்ளெக்ஸ் (இருபுறமும் ஒரே நேரத்தில் அனுப்புவதா, மாறி மாறியா என்ற அமைப்பு) பொருந்தவில்லை: ஒரு முனை ஆட்டோ, மறுமுனை கையால் வைத்த ஃபுல்.

பழைய விவரம்
எஸ்.என்.எம்.பி.: இரவில் மின்சாரம் போய் ஸ்விட்ச் மீண்டும் எழுந்தது, கோடையில் வெப்பம் ஏறியது எல்லாம் பதிவாகும்.
கமாண்ட் லைன்: லாக் நினைவகத்தில் மட்டும் இருந்தால், மின்சாரம் போனதும் அதுவும் போச்சு.

ஒரே ஸ்விட்ச், பக்கத்திலேயே ஆள் என்றால் கமாண்ட் லைன் போதும். ஏற்காட்டில் இருக்கும் ஸ்விட்சைச் சேலத்திலிருந்து பார்ப்பவருக்கு எஸ்.என்.எம்.பி. இல்லாமல் ஆகாது, இல்லாவிட்டால் ஒவ்வொரு இடிமழைக்கும் மலையேற வேண்டும். எஸ்.என்.எம்.பி.க்குக் கடவுச்சொல் போல இருக்கும் ‘பப்ளிக்’ என்ற கம்யூனிட்டி பெயரை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.