நான்கு கோப்ளின், மூன்று துப்பு, இரண்டு பகடை: முதல் ஆட்டத்தை எந்த விதிகளில் நடத்துவது?

ஒரு பழைய கிடங்கு. பின்கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே காவலுக்கு ஆள் இருக்கிறான். ஆடுபவர்களில் ஒருவர், "பூட்டைத் திறந்து பார்க்கிறேன்" என்கிறார். எல்லார் கண்ணும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் (சுருக்கமாக ஜிஎம்) பக்கம் திரும்புகிறது. அடுத்து என்ன நடக்கும்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), கால் ஆஃப் கதூலு, டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டங்கள் மூன்றும் இந்த ஒரு கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. புதிதாக ஜிஎம் நாற்காலியில் உட்காரப் போகிறவர் இவற்றில் எதை எடுப்பது என்பதை அந்தப் பதில்களை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

மூன்றிலும் ஜிஎம்முக்கு உழைப்பு உண்டு. அது எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் வேறு. டி அண்ட் டியில் முந்தைய நாள் இரவே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். கதூலுவில் கதையின் முடிச்சுகளைக் கட்டும்போதே பாதி வேலை முடிந்துவிடும். டன்ஜன் வேர்ல்டில் முன்வேலை குறைவு. ஆனால் ஆடும் மூன்று மணி நேரமும் மூளை ஓய்வெடுக்க முடியாது. கணக்குப் பிடித்தவரா, துப்பறியும் கதை பின்னத் தெரிந்தவரா, பேச்சுக்குப் பேச்சு உடனே பதில் வரும் ஆளா என்று உங்களையே கேட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரே கதவு, மூன்று பகடை

டி அண்ட் டியில் (இங்கே பேசுவது பெரும்பாலும் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு) இருபது முகப் பகடையை உருட்டி, திறமைக்கான எண்ணைக் கூட்டி, ஜிஎம் வைத்த இலக்கைத் தொட வேண்டும். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. முதல் நிலையில், அதாவது புதிதாகத் தொடங்கும் திருடன் பாத்திரத்துக்குக் கைச்சுறுசுறுப்புக்கு 3, பயிற்சிக்கு 2 என்று +5 இருக்கும். 15-ஐத் தொட அவனுக்கு 55 சதவீத வாய்ப்பு. சாதகமான சூழல் இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு 80-ஐ நெருங்கும். தோற்றால்? கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். பின்னடைவு ஏதும் வேண்டுமா என்பதை அடிப்படை விதி ஜிஎம்மிடமே விட்டுவிடுகிறது. அவர் எதுவும் வைக்காவிட்டால் உடனே அடுத்தவர் "நானும் ஒருதரம்" என்பார், அதற்கடுத்தவரும் கை நீட்டுவார், ஆட்டம் கதவருகிலேயே நின்றுவிடும். புது ஜிஎம்கள் அதிகம் திணறும் இடம் இது.

கதூலு முதலில் வந்தது 1981-இல். இப்போது புழக்கத்தில் இருக்கும் ஏழாம் பதிப்பு 2014-இல். இதில் ஒவ்வொரு திறமையும் நூற்றுக்கு இவ்வளவு என்றே எழுதப்பட்டிருக்கும். பூட்டுத் திறப்பு 40 என்றால், இரண்டு பத்துமுகப் பகடையில் (ஒன்று பத்தின் இடம், மற்றது ஒன்றின் இடம்) 40 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். வேலை கடினமென்றால் அதில் பாதி 20, மிகக் கடினமென்றால் ஐந்தில் ஒன்று 8. மார்க் ஷீட் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதைப் புரியவைக்க அரை நிமிடம் போதும். தோற்றவர் மறுபடி உருட்டலாம், ஆனால் சும்மா அல்ல: செய்யும் முறையை மாற்ற வேண்டும். "கம்பியை வளைத்து நெம்புகிறேன்" என்று அவர் சொல்ல, "சரி, இந்தமுறை தவறினால் கம்பி உள்ளே ஒடியும், சத்தம் காவலாளிக்குக் கேட்கும்" என்று ஜிஎம் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். சண்டையில் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. மூன்று ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஜிஎம்முக்கு இதைவிட உதவியான விதி ஒன்றில்லை.

2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்டுக்கு லூடோ பெட்டியில் இருக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும்; ஏற்படுத்தும் காயத்தைக் கணக்கிட மட்டும் மற்ற வடிவங்கள் வேண்டும். திறமை எண்ணையும் சேர்த்த கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குமேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 என்றால் வெற்றி, ஆனால் ஒரு விலையோடு. 6-க்குள் விழுந்தால் ஜிஎம் விருப்பப்படி சிக்கல் தருவார், ஆடுபவருக்கு ஓர் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். +2 உள்ள திருடனுக்கு முழு வெற்றி 42 சதவீதம், விலையோடு வெற்றி 42, தோல்வி 17. அதாவது ஆறில் ஐந்து முறை கதவு திறந்துவிடும். நடுவே விழுந்தால் சந்தேகம், ஆபத்து, இழப்பு மூன்றில் இரண்டை ஜிஎம் முன்வைக்க, ஒன்றைத் திருடன் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவருகே தேங்கி நிற்பது என்ற பேச்சே இங்கே இல்லை.

நான்கு கோப்ளின் கணக்கு

டி அண்ட் டியின் பலமும் பலவீனமும் சண்டையில்தான். யார் எத்தனை அடி நகரலாம், எந்த மந்திரம் எத்தனை சதுரத்தை எரிக்கும், எல்லாவற்றுக்கும் விடை உண்டு. கட்டம் போட்ட தாளும் நாலு பொத்தான்களும் இருந்தால் சதுரங்கம் போல ஆடலாம். இந்தத் துல்லியம் பிடித்த ஆட்டக்காரர்களுக்கு வேறு எதுவும் ஈடாகாது.

ஆனால் எத்தனை எதிரிகளை வைப்பது என்ற கணக்கில்தான் முதல் அமர்வு கவிழும். எதிரிகளின் பலத்தைப் புள்ளிகளால் அளக்கிறார்கள். 2014 விதிப்படி முதல் நிலை வீரர் ஒருவருக்கு 25 புள்ளி எளிது, 50 நடுத்தரம், 75 கடினம், 100 உயிராபத்து. கோப்ளின் என்ற குட்டி அசுரன் ஒன்றுக்கு 50 புள்ளி. நான்கு பேருக்கு நான்கு கோப்ளின் என்றால் 200. ஆளுக்கு 50 வருகிறது, நடுத்தரம்தானே என்று தோன்றும். தவறு. மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 400 ஆகிறது, நால்வருக்கும் சேர்த்து உயிராபத்துக் கோட்டைத் தொடுகிறது.

2024-இல் திருத்தி வெளியிட்ட விதிகள் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டன. அதன்படி அதே நான்கு கோப்ளின் குறைந்த ஆபத்துள்ள சண்டை! எது சரி? பகடையே சொல்லட்டும். பழைய கோப்ளின் தாக்குதலுக்கு +4 கூட்டும், சராசரியாக 5 காயம் தரும். முதல் நிலை மந்திரவாதியின் பாதுகாப்பு எண் (தாக்குபவர் தொட வேண்டியது) 12, உயிர்ப்புள்ளி (தீர்ந்தால் விழுவார்) 8 என்று வையுங்கள். ஒவ்வோர் அடியும் படும் வாய்ப்பு 65 சதவீதம். நான்கும் அவர்மேலேயே பாய்ந்தால், குறைந்தது இரண்டு அடி படும் வாய்ப்பு 87 சதவீதம். இரண்டு அடி என்பது சராசரியாக 10. தன் முறை வருவதற்குள் அவர் தரையில் கிடப்பார். முதல் நிலையில் பழைய பெருக்கல் கணக்கே பத்திரம் என்பது எங்கள் முடிவு. முதல் சண்டைக்கு இரண்டு கோப்ளின் வையுங்கள். மூன்றாவது ஒன்று கொம்பூத ஓடட்டும், ஆடுபவர்கள் திணறாவிட்டால் மட்டும் அது திரும்பி வரட்டும். கோப்ளின்கள் ஆளுக்கொருவரைக் குறிவைக்கட்டும்.

இன்னொரு குழி ஓய்வு. இரவு தூங்கி எழுந்தால் செலவான மந்திரங்கள் திரும்பிவிடும். 2014 விதிகள் கதைக்குள் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு நடுத்தர, கடினச் சண்டைகளை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. நடைமுறையில் பல மேசைகளில் ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் நடக்கிறது. விளைவு: ஐந்தாம் நிலை மந்திரவாதி தன்னிடமுள்ள ஒன்பது மந்திர வாய்ப்புகளையும் ஒரே சண்டையில் கொட்டிவிடுவார், வாளேந்தியவர் கைகட்டி வேடிக்கை பார்ப்பார். கதையில் ஒரு கெடு வைப்பதுதான் இதற்கு மருந்து. விடிவதற்குள் பலி நடந்துவிடும் என்றால் யாரும் எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கமாட்டார்கள்.

சண்டை இழுப்பது மூன்றாவது புகார். நான்கு ஆட்டக்காரர், ஆறு எதிரி என்றால் முக்கால் மணி நேரம் சர்வசாதாரணமாகப் போய்விடும். ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே முறை-வரிசை கொடுங்கள். எதிரி தரும் காயத்துக்குப் பகடை உருட்டாமல் புத்தகத்தில் அச்சிட்டுள்ள சராசரியை எடுங்கள். "அடுத்து நீங்கள், அதற்கடுத்து அவர்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

துப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

கதூலுவில் ஆடுபவர்கள் வீரர்கள் அல்லர். நூலகர், நிருபர், மருத்துவர், பேராசிரியர். உயிர்ப்புள்ளி பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுக்குள். கிட்டத்தில் நின்று சுடும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் சராசரிக் காயம் 14. சண்டை என்பது பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவு. ஆகவே கோப்ளின் கணக்கு போன்ற தலைவலி ஜிஎம்முக்கு இல்லை.

தலைவலி வேறிடத்தில் இருக்கிறது. மேசை இழுப்பறையில் ஒரு கடிதம். அதைக் கண்டால்தான் கதை நகரும். கண்டுபிடிக்க 60 சதவீதத் திறமை. பத்தில் நாலு முறை கடிதம் கிடைக்காது, அன்றைய ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். இதற்குத்தான் அனுபவமுள்ள ஜிஎம்கள் ஒரு முடிவுக்கு மூன்று துப்பு வைக்கிறார்கள்: இழுப்பறையில் கடிதம், பக்கத்து வீட்டுக் கிழவியின் பேச்சு, நூலகத்தில் பழைய செய்தித்தாள். ஒவ்வொன்றும் 60 சதவீதம் என்றால் மூன்றும் தவறும் வாய்ப்பு 6 சதவீதம்தான். அத்தியாவசியமான ஒரு துப்பைப் பகடையே இல்லாமல் கையில் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. பகடை வேண்டுமென்றால் அது எவ்வளவு நேரம் பிடித்தது, யார் பார்த்துவிட்டார்கள் என்பதைத் தீர்மானிக்கட்டும்.

நால்வரும் சேர்ந்து பதுங்கிப் போவது இன்னொரு பொறி. ஒவ்வொருவருக்கும் 40 சதவீதம் என்றால், நால்வரும் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஒருவரை மட்டும் உருட்டச் சொல்லுங்கள்.

மனநிலைப் புள்ளிகள்தான் இந்த ஆட்டத்தின் உயிர். பார்க்கக் கூடாததைப் பார்த்தவர் இந்தப் புள்ளிகளை (சானிட்டி) இழப்பார். ஒரே வீச்சில் 5 அல்லது அதற்குமேல் இழந்தால் அறிவுத்திறன் சோதனை. அதில் வெற்றி பெற்றால்தான் தற்காலிகமாகப் புத்தி கலங்கும். கண்டது என்னவென்று புரிந்துவிட்டதே, அதனால்! புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். சோதனைகளை அமர்வின் முதல் மணி நேரத்தில் அள்ளி இறைக்காதீர்கள், பயம் மரத்துவிடும். திகில் ஆட்டம் என்பதால், எதெல்லாம் வேண்டாம் (குழந்தைகளுக்குக் கேடு, தற்கொலை, இப்படி) என்று தொடங்கும்முன் எல்லாரிடமும் கேட்டு எழுதிவையுங்கள். மேசை நடுவே எக்ஸ் போட்ட அட்டை ஒன்று கிடந்தால், யாரும் காரணம் சொல்லாமலே அதைத் தொட்டுக் காட்சியை மாற்றவைக்கலாம்.

டன்ஜன் வேர்ல்ட்: கை நிறைய சிக்கல் வேண்டும்

முறை-வரிசை இல்லை. எதிரியின் தாக்குதலுக்கு ஜிஎம் பகடை உருட்டுவதும் இல்லை. கோப்ளினுக்கு 3 உயிர்ப்புள்ளி, 1 கவசம். மூன்று நிமிடத்தில் சண்டை முடியும். படிக்க எளிது, அதனாலேயே புதியவர்களுக்கு ஏற்றது என்று பலரும் சொல்கிறார்கள். ஆடுபவருக்கு அது சரி, ஜிஎம்முக்குச் சரியல்ல. +1 உள்ளவர் பத்து முறை உருட்டினால் ஏழு முறைக்கு மேல், ஜிஎம் உடனே ஏதாவது கெடுதல் யோசித்தாக வேண்டும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். பிறகு "இன்னும் ரெண்டு கோப்ளின் வருது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்குவீர்கள்.

முன்பே இருபது சிக்கல்களைத் தாளில் எழுதிவைத்தால் சமாளிக்கலாம். விளக்கு அணைகிறது, தோள்பை கிழிகிறது, நண்பன் தனியே மாட்டுகிறான், பாலம் முனகுகிறது. பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். உயிர்ப்புள்ளியைக் குறைப்பதைக் கடைசி வழியாக வையுங்கள்.

எது யாருக்கு

செலவு எந்த முடிவையும் மாற்றாது. டி அண்ட் டியின் அடிப்படை விதிகளும் கதூலுவின் சுருக்கமான விரைவுத் தொடக்க விதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. டன்ஜன் வேர்ல்டின் உரை, யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ஏழு பகடை அடங்கிய ஒரு செட்டோடு ஆறுமுகப் பகடை இன்னொன்று இருந்தால் மூன்றுக்கும் போதும்.

மேசையில் தமிழில் பேசி ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். டி அண்ட் டியில் மந்திரங்களும் பாத்திர வகைத் திறன்களும் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஆங்கிலத்தில். பேச்சு அடிக்கடி தாளைப் பார்த்து நிற்கும். கதூலுவில் "ஒட்டுக்கேட்கிறேன்", "சுத்திப் பார்க்கிறேன்" என்றாலே எந்தத் திறமை என்று தெரிந்துவிடும்.

யாருமே முன்பு ஆடியதில்லை, ஒரே நாள், நாலு மணி நேரம், மூன்று அல்லது நான்கு பேர் என்றால் கதூலுவை எடுங்கள். வாரம்தோறும் ஆறு மாதம் கூடுவோம், பாத்திரம் வளர்வதைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு டி அண்ட் டி. ஐந்து பேருக்குமேல் சேர்க்காதீர்கள். டன்ஜன் வேர்ல்ட் இரண்டாவதாகக் கற்க வேண்டியது. நாலைந்து அமர்வு நடத்திய ஜிஎம்முக்கு அது திறந்துவிடும் சுதந்திரம் பெரிது.

டி அண்ட் டிதான் என்று முடிவெடுத்தாலும் கதூலுவின் எச்சரிக்கையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டிய கதவு ஒவ்வொன்றுக்கும் நேரே, பகடை தவறினால் என்ன ஆகும் என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லையென்றால் பகடையே வேண்டாம், திருடன் தொட்டதும் கதவு திறக்கட்டும்.