உச்சிப்புளி ரோட்டோர எலெக்ட்ரிக்கல் கடை: பேட்டரிய விக்கல, எர்த்த சரி பண்ணிக் குடுத்தாரு

வீடு தங்கச்சிமடம், கார் நிக்கிறது திறந்தவெளியில, கச்சான் காத்து அடிச்சா காலையில கண்ணாடிய வெரலால தொட்டா உப்பு ஒட்டும். போன வைகாசியில ஊர்ல இருந்து வந்த சித்தப்பா குடும்பத்த தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குக் கூட்டிட்டுப் போனேன். கிளம்பலாம்னு சாவியத் திருப்புனா டக்குனு ஒரே ஒரு சத்தம், மீட்டர் லைட்டெல்லாம் மங்கிப் போச்சு. ஒரு பக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), ஒரு பக்கம் பெண்கடல் (பாக் நீரிணை), பொழுது சாயுது, வண்டிகள வெளியேறச் சொல்லி போலீஸ் விசில் அடிக்குது, வண்டிக்குள்ள சித்தி கைக்குழந்தையோட. வேன்ல வந்த பசங்க நாலு பேரு தள்ளிவிட்டாங்க, செகண்ட் கியர்ல கிளட்ச விட்டுத்தான் ஸ்டார்ட் ஆச்சு. அந்தப் பசங்க நல்லாருக்கணும்.

இத்தனைக்கும் அதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல 2 வருஷத்துல 2 பேட்டரி மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டாரையும் கழட்டி சர்வீஸ் பண்ணியாச்சு. எப்பப் போனாலும் பேட்டரி வீக்குன்னு ஒரே பதில். ஒருத்தர் கூட மைனஸ் ஒயர் எங்க போய் முடியுதுன்னு குனிஞ்சு பாக்கல, அதுதான் இன்னும் ஆத்தாமையா இருக்கு.

மச்சான் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளிக்கு முன்னாடியே ரோட்டோரம் தகரக் கொட்டகை, போர்டு கூட கெடையாது, வாசல்ல படகு இன்ஜின் டைனமோவா அடுக்கிக் கெடக்கும். அண்ணனுக்கு 55 வயசு இருக்கும். நான் பேட்டரின்னு ஆரம்பிச்சதும் "பேட்டரி இருக்கட்டும் தம்பி, மொதல்ல எர்த்தப் பாப்போம்"னு மீட்டர எடுத்தாரு. எர்த்துன்னா பேட்டரி மைனஸ் வண்டி பாடியோடயும் இன்ஜினோடயும் சேர்ற இணைப்பு. கருப்பு முனைய பேட்டரி மைனஸ் கம்பத்துல, சிவப்ப இன்ஜின் பிளாக்ல வச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. 1.4 வோல்ட் காட்டுச்சு. 0.2க்குள்ள இருக்கணுமாம். செல்ஃப் சுத்துறப்ப 150 ஆம்பியருக்கு மேல இழுக்கும், போன கரண்ட் அத்தனையும் பாடி, இன்ஜின் வழியாத்தான் மைனஸுக்குத் திரும்பியாகணும், அந்த வழியில ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கயே போயிரும், அப்புறம் புது பேட்டரி போட்டு என்ன பிரயோஜனம்னு கேட்டாரு. திரும்புற வழி சரியில்லன்னா கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியா எல்லாம் பாஞ்சு கேபிளே சூடாகிக் கருகுன வண்டிகளப் பாத்திருக்காராம்.

மைனஸ் ஒயர் பாடியில சேர்ற போல்ட்டக் கழட்டிக் காட்டுனாரு. மேல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. லக்க, அதாவது ஒயர் முனையில போல்ட் மாட்டுற உலோகக் கண்ணியத் திருப்புனா அடியில துரு, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. அதோட விடாம ஒயர் தோல கத்தியால கீறுனாரு பாருங்க, உள்ள செம்பு ரெண்டு இஞ்சு தூரத்துக்குக் கருப்பா இருக்கு, வெரலால தேச்சா இழை இழையா உதிருது. உப்புத்தண்ணி தோலுக்குள்ளயே ஏறியிருக்கு.

பழசச் சுரண்டி ஒப்பேத்தாம 25 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள் புதுசா போட்டாரு, பாடிக்கு ஒண்ணு, கியர்பாக்ஸுக்கு ஒண்ணு. லக்க சுத்தியலால தட்டல, கை பிரஸ்ல வச்சு அமுக்கி மேல ஹீட் ஸ்லீவ் ஏத்துனாரு. பாடியில பெயிண்ட உப்புத்தாள் போட்டு வெள்ளித் தகடு தெரியுற வரைக்கும் தேச்சு, ஸ்டார் வாசர் குடுத்து முறுக்கி, கடைசியா மேலாக கிரீஸ் தடவுனாரு. கிரீஸ் காத்தும் தண்ணியும் உள்ள போகாம இருக்கத்தானாம், பெயிண்ட் மேல லக்க வச்சுட்டு கிரீஸ அப்புனா எர்த் கெடைக்காதுன்னாரு. திரும்ப செல்ஃப் அடிச்சா மீட்டர்ல 0.1. ராத்திரி பாலத்துல வர்றப்ப ஹாரன் அடிச்சாலும் ஹெட்லைட் மங்கல, முன்னாடி மங்குனத நான் ரொம்ப நாளாவே பேட்டரி கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எல்லாம் சேர்த்து 1,350 ரூபா. 2 பேட்டரிக்கு அழுத காசுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல.

கொறைன்னா, பில்லு கெடையாது, ஃபோன எடுக்க மாட்டாரு, படகுக்காரங்க வந்துட்டா நம்ம வண்டி ஓரமா நிக்கும், எனக்கு அரை நாள் போச்சு. அவங்க கடலுக்குப் போகணும், அதுல கோச்சுக்க ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை லீவு. காலையில 9 மணிக்கெல்லாம் போயிருங்க. வாடைக்காத்து தொடங்குறதுக்குள்ள எடது பக்க ஹெட்லைட் எர்த்தையும் கழட்டிப் பாத்துரலாம்னு சொல்லியிருக்காரு, ஐப்பசி பொறந்ததும் போகணும்.