மலையில் டெவில் மே க்ரை: பிஎஸ்2 ஸ்லிம்மா, பிஎஸ்3-ஆ?

கேப்காம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட டெவில் மே க்ரை, பெயரைப் பார்த்து மிரள வேண்டிய வீடியோ கேம் அல்ல. பாழடைந்த கோட்டை, நூல் அறுந்த பொம்மைகள் கத்தியோடு எழுந்து வருவது, நெருப்புக் குழம்பாலான ராட்சதச் சிலந்தி என்று பேய்ச் சமாச்சாரம் நிறைய உண்டு. ஆனால் கையில் வாளும் இரட்டைத் துப்பாக்கியும் இருப்பதால் பயத்தைவிட விறுவிறுப்புதான் அதிகம். மழைக்காலத்தில் சாயங்காலமே கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர்களுக்கு ஏற்ற ஆட்டம்.

இன்று இதைப் பழைய கன்சோலில் ஆட இரண்டு வழிகள். ஒன்று, சோனியின் பிளேஸ்டேஷன் 2-இல், அதாவது பிஎஸ்2-இல், மூல டிஸ்க். இன்னொன்று, அடுத்த தலைமுறையான பிஎஸ்3-க்கு 2012-இல் வந்த ஹெச்.டி. தொகுப்பு, அதில் முதல் மூன்று பாகங்களும் இருக்கின்றன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருப்பவருக்கு என் ஓட்டு பிஎஸ்2-இன் மெல்லிய பிந்தைய மாடலான ஸ்லிம்முக்கு. நான் வாங்கியதும் அதைத்தான்.

படத்தைப் பொறுத்தவரை பிஎஸ்3-தான் மேல், அதில் வாதமே இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகினால் போதும், 720பி, நொடிக்கு 60 ஃப்ரேம். முதல் பாகத்தின் மெனுக்கள் மட்டும் பழைய 4:3 அளவிலேயே நிற்கும். நம் நாட்டில் விற்ற பிஎஸ்2 'பிஏஎல்' (PAL) எனும் டிவி முறையைச் சேர்ந்தது. அந்த டிஸ்க்கில் ஆட்டம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் சற்று மெதுவாகவும், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடும் தெரியும். மறுவிற்பனையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நல்ல நிலையில் இருந்தால் இரண்டும் போகும்.

மலையில் முடிவைத் தீர்மானிப்பது ஈரம். கூடலூருக்கும் ஊட்டிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். பீரோவில் தோல் செருப்பு பூஞ்சணம் பூக்கும் அதே காற்றுதான் கன்சோலின் லென்ஸையும் தொடுகிறது. லென்ஸ் மேல் படலம் படிந்தால் லேசர் சிதறும், டிஸ்க் படிக்காது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: லென்ஸை எவ்வளவு சுலபமாகத் தொட முடியும்?

பிஎஸ்2 ஸ்லிம்மில் மேல்மூடியைத் தூக்கினால் லென்ஸ் கண்ணெதிரே. திருப்புளியே வேண்டாம். பழைய பெரிய பிஎஸ்2-இல் டிஸ்க் தட்டு வெளியே வரும் அமைப்பு; லென்ஸைத் தொட உடலையும் டிரைவ் மூடியையும் கழற்ற வேண்டும். பிஎஸ்3-இன் முதல் மாடலும் 2009-இன் ஸ்லிம்மும் டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்பவை. ஸ்லிம்மைத் திறக்க, நட்சத்திர முனையின் நடுவில் துளையுள்ள டார்க்ஸ் திருப்புளி தேவை. பிறகு மேல் ஓடு, ரிப்பன் ஒயர், டிரைவ், டிரைவின் தகடு எல்லாம் கழன்றால்தான் லென்ஸ் தெரியும். வருடம் ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை என்றால் ரிப்பன் பிடிப்பான்தான் முதலில் உடையும்.

இன்னொரு வேறுபாடு லேசரிலேயே இருக்கிறது. பிஎஸ்2 ஆட்டத்தின் டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. பிஎஸ்3 ஆட்டத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி. ப்ளூ-ரேயின் ஒளிப்புள்ளி மிகச் சிறியது, லென்ஸும் டிஸ்க்கை மிக நெருங்கி நிற்கும். டிவிடி சமாளித்துவிடும் மெல்லிய பனிப்படலம் ப்ளூ-ரேயைத் தடுமாற வைக்கும். முழு டிரைவையே மாற்றிவிடலாம் என்றால் அதிலும் சிக்கல்: பிஎஸ்3 டிரைவின் சர்க்யூட் பலகை தாய்ப்பலகையோடு ஜோடி சேர்க்கப்பட்டது. பழைய பலகையை வைத்துக்கொண்டு லென்ஸ் பகுதியை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஸ்லிம் மாடல்களில் அதன் எண் பெரும்பாலும் கே.இ.எஸ்.-450ஏ. எந்த மாடலானாலும் பழைய லென்ஸ் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

பிஎஸ்2 ஸ்லிம் லென்ஸைத் துடைக்கும் முறை இது. கரண்ட் ஒயரைக் கழற்றி மூடியைத் திறக்கவும். கேமராவுக்கான ரப்பர் ஊதியால் தூசியை ஊதவும்; வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் காது துடைக்கும் பஞ்சு பட்ஸை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, லென்ஸ் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாக மெல்லத் தடவவும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் கோணும். காய்ந்த பட்ஸால் ஒரு முறை ஒற்றி, ஐந்து நிமிடம் திறந்தே வைக்கவும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது; அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸை மங்கலாக்கிவிடும். பிரஷ் ஒட்டிய 'கிளீனர் டிஸ்க்'கும் வேண்டாம்.

துடைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் படிக்காமல், அரை மணி ஓடிய பிறகு படித்தால் அது பெரும்பாலும் பழுது அல்ல, பனித்துளி. குளிர்ந்த அறையில் ஹீட்டரோ கணப்போ போட்டவுடன் வெதுவெதுப்பான ஈரக்காற்று சில்லென்றிருக்கும் லென்ஸில் துளிர்க்கிறது. அறை சூடேறிய பிறகு மூடியைத் திறந்து முக்கால் மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் லென்ஸை மாற்றிச் செலவு செய்பவர்கள் உண்டு. நாள் முழுக்கவே படிக்கவில்லை என்றால்தான் துடைப்பது, லென்ஸ் நகரும் தண்டவாளத்தின் பழைய கிரீஸை எடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் பூசுவது எல்லாம். குளிரில் பழைய கிரீஸ் கெட்டியாகி, லென்ஸ் நகர முடியாமல் திணறும்.

மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை அரை மணியாவது ஓடவிடுங்கள். அந்தச் சூடே உள் ஈரத்தை உலர்த்தும். முழுவதும் ஆறிய பின் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

காற்றில் மரம் விழுந்து கரண்ட் போவதும் இங்கே சகஜம். பிஎஸ்2 ஸ்லிம் இழுப்பது 50 வாட்டுக்குள், எல்.இ.டி. டிவியோடு சேர்த்து வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். முதல் பிஎஸ்3 மாடல் ஆட்டத்தின்போது 200 வாட் அளவுக்குப் போகும். பிஎஸ்3-இல் ஹார்டு டிஸ்க் இருப்பதால் திடீரென நின்றால் அடுத்த முறை கோப்பு அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லும். பிஎஸ்2-இல் மெமரி கார்டில் எழுதும் நேரத்தில் மட்டும் கரண்ட் போகாமல் இருந்தால் போதும்.

பிஎஸ்3 பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது: தரவிறக்கிய ஆட்டத்துக்கு லேசரே வேண்டாம். ஆனால் 2021 முதல் அதன் ஆன்லைன் கடையில் கார்டு போட்டு நேரடியாகப் பணம் கட்ட முடியாது, வாலட்டில் முன்பே பணம் சேர்த்திருக்க வேண்டும். 2012-இன் சூப்பர் ஸ்லிம்மில் மூடி நகரும் அமைப்பு என்பதால் லென்ஸை எட்டலாம். மலை ஈரத்தில் அது எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை. பிஎஸ்3-தான் வேண்டும் என்பவர் அதைப் பார்க்கலாம்.

பிஎஸ்2 ஸ்லிம் வாங்குபவர் 79000 அல்லது 90000 என்ற மாடல் எண் வரிசையைத் தேடட்டும். 90000-இல் அடாப்டர் உள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டு 110 வோல்ட் மாடலா என்று அடிப்பக்க லேபிளைப் பார்க்கவும். ஆரம்ப 70000 வரிசையில் லேசரின் ரிப்பன் மேலெழும்பி டிஸ்க்கை உரசும். வேண்டாத டிஸ்க் ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் வட்டக் கீறல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

டிவி பழைய டியூப் டிவியாக இருந்தால் நல்லது. கோட்டையின் இருட்டு அதில்தான் இருட்டாகத் தெரியும், பட்டன் அழுத்தியது திரையில் தெரியத் தாமதமும் இல்லை. எல்.இ.டி. என்றால் மஞ்சள் ஒயருக்குப் பதில் காம்போனென்ட் ஒயர் வாங்கி, பிஎஸ்2-இன் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' மெனுவில் காம்போனென்ட் வெளியீட்டை மாற்றி, டிவியில் கேம் மோடு போடவும். முதல் சில மிஷன்களில் செத்துக்கொண்டே இருந்தால் 'ஈஸி ஆட்டோமேட்டிக்' முறை தானே திறக்கும். புதியவர்கள் தயங்காமல் அதில் ஆடலாம்.