பழைய மின்மானியா, நவீன மின்மானியா?

சிங்கப்பூர் வீடுகளின் பழைய மின்மானியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து அளவெடுப்பார். இடைப்பட்ட மாதக் கட்டணம் உத்தேசக் கணக்கு. தீபாவளிக்கு உறவினர் வந்து ஏர்கான் விடிய விடிய ஓடியிருந்தால், விடுபட்ட யூனிட்டெல்லாம் அடுத்த பில்லில் மொத்தமாக வந்து விழும். நாமே அளவைப் பார்த்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை, யார் அனுப்புகிறார்கள்?

நவீன மின்மானி அரைமணிக்கொரு அளவு பதிகிறது, நாளுக்கு 48. மின்கட்டண பில் அனுப்பும் எஸ்பி குழுமத்தின் செயலியில் அதைப் பார்க்கலாம். வீட்டில் யாருமில்லாத பகல் நேரத்தைப் பாருங்கள். அரைமணிக்கு 0.1 யூனிட் (கிலோவாட்-மணி) என்றால் 200 வாட் ஓயாமல் ஓடுகிறது. 30 நாளில் 144 யூனிட். குளிர்பதனப்பெட்டி போக மீதி எங்கே? அணைக்க மறந்த தொட்டிவகை வாட்டர் ஹீட்டரை முதலில் சந்தேகப்படுங்கள். அது நீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எந்தச் சாதனம் என்று அந்த அரைமணி அளவுகள் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கச் சிமிட்டும் விளக்குள்ள எந்த மின்மானியும் போதும், பழையதானாலும் சரி. முகப்பில் யூனிட்டுக்கு 1,000 துடிப்பு (1000 imp/kWh) என்றிருந்தால், 18 விநாடிக்கொரு சிமிட்டல் 200 வாட். சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்து, இடைவெளி எப்போது நீள்கிறது என்று எண்ணுங்கள்.